பகுளேஸ்வரர் கோயில் சிங்கமும் என் தம்பியின் வலது காலும்

அன்று பகுளேஸ்வரர் கோயில் முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்: உச்சப சாமந்தசிங்கார் ஆகிய நான், என் தம்பி ஆர்த்தத்ராணன், அவன் மனைவி சைரிந்திரி, சிலம்பக்கூடத்து வாத்தியார் துஸ்ஸாசன் பராளும் அவருடைய ஆட்களும், பழஞ்சின்னக் காப்பு வாரியத்தின் காவலாள் கந்தர்வ பரிடா, அதே வாரியத்தின் உதவி அதிகாரி நளினீகாந்த் கானுங்கோ, பிற்பகலில் புவனேஸ்வரத்திலிருந்து வந்து சேர்ந்த மண்டல அதிகாரி முனைவர் அனாதி ராய்குரு, சுகாதார நிலையத்து டாக்டர் ஜெனா. மற்றபடி ஊர்ச் சனம். பஞ்சாயத்துத் தலைவர் அங்கே இல்லை. தானே முன்னின்று கடப்பாரை போட்டதாக அவர் தேர்தல் மேடையில் பேசியது முழுப் பொய். அன்று அவர் கட்டக்கில் மாமியார் வீட்டில் ஆட்டுக்கறி தின்றுகொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கஜபதி மன்னர்களுக்காக வாள் பிடித்த குடி. பிராசி ஆற்றங்கரையில் இடிந்து கிடக்கும் கோயில்கள், நாங்கள் காக்கத் தவறியதால் இடிந்தவை அல்ல. நாங்கள் இல்லாத ஊர்களில் இடிந்தவை. பகுளேஸ்வரருக்கு மண்டபக் கூரை போய்விட்டது, மதில் போய்விட்டது, பாதிக் கோயில் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. ஆனால் விமானமும், அதன் முகப்பில் யானையை மிதித்துக்கொண்டு துருத்தி நிற்கும் கல் சிங்கமும் தப்பித்திருந்தன. தசராவன்று எங்கள் குடும்பத்து ஆண் ஒருவன் முதுகில் வாளைக் கட்டிக்கொண்டு, கயிறில்லாமல், வெறுங்கையால் விமானத்தில் ஏறிக் கொடி கட்ட வேண்டும். சிங்கத்துக்கு மேலே வேறு எவன் காலும் படக்கூடாது. சிங்கத்தை இரும்பு தீண்ட விடமாட்டோம் என்று எங்கள் முன்னோர் வாள்மேல் சத்தியம் செய்திருக்கிறார்கள். தீண்டிய இரண்டு பேருடைய கை எங்கள் கொல்லையில்தான் புதைந்திருக்கிறது என்று கேள்வி.

பிறகு வாரியம் வந்தது. கோயிலை எடுத்துக்கொண்டதற்கு அடையாளமாக நீலப் பலகை ஒன்றை நட்டது. பலகைக்குக் குழி தோண்டும்போது மண்ணுக்குள் கிடந்த நந்தி ஒன்றின் காது உடைந்தது. அது வாரியம் வருவதற்கு முன்பே ஏற்பட்ட சேதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆர்த்தத்ராணன் கானுங்கோவிடம் ஒருமுறை சொன்னான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சார், சிங்கம் ஆடுது. காலை வெச்சா ஆடுற பல்லு மாதிரி இருக்கு."

கானுங்கோ பீடாவை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "நாங்க எடுத்துக்கிட்ட அன்னிக்கு ஆடுச்சா, இல்லையா?"

"ஆடுச்சு சார்."

"அப்புறம் என்னய்யா? எடுத்துக்கிட்ட அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சுக்கிறதுதான் எங்க வேலை. அன்னிக்கு ஆடுச்சு, இன்னிக்கும் ஆடுது. நாளைக்கு ஆடலேன்னாதான் நான் மேலே பதில் சொல்லணும்."

"விழுந்துட்டா?"

"விழுந்தா, விழுந்த எடத்துல காப்பாத்துவோம்."

ஆட்டத்தையும் சேர்த்துக் காப்பாற்றுகிற ஓர் அலுவலகத்தை நான் அதுவரை கண்டதில்லை. 

தசரா வந்தது. காலையில் வாள்களுக்குப் பூஜை முடிந்து, துஸ்ஸாசன் பராளின் ஆட்கள் முற்றத்தில் கம்பும் கத்தியும் சுழற்ற இறங்கினார்கள். எங்கள் ஊரில் தசராவுக்கு ஒரு மண்டையாவது உடையாவிட்டால் தேவி பட்டினியாகப் போனாள் என்று பொருள். அதற்கும் வாரியம் விதி வைத்திருந்தது. சண்டை போடலாம், ரத்தம் மட்டும் பழைய கல்தளத்தில் சிந்தக்கூடாது. காவலாள் கந்தர்வ பரிடா ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து விரித்தான்.

"இதுக்குள்ள நின்னு வெட்டிக்குங்க வாத்தியாரே. ஓரத்துக்கு வராதீங்க."

"டேய் கந்தர்வா, வெட்டுப்பட்டவன் எந்தப் பக்கம் விழணும்னு அவன் காதுல சொல்லிட்டா வெட்ட முடியும்?"

"விழட்டும். உள்பக்கமா விழட்டும்."

முதல் சுற்றிலேயே ஒருவனுக்குக் காது பிளந்தது. அவன் காதைப் பொத்திக்கொண்டு தார்ப்பாயின் நடுவுக்கு ஓடி நின்றுகொண்டான். விதியை மதிக்கிற ஊர் எங்களுடையது.

பிறகு ஆர்த்தத்ராணன் ஏறினான். நன்றாக ஏறினான். வயதாகிவிட்டதென்று யாரும் சொல்ல முடியாது. கொடியைக் கட்டினான், சங்கு ஊதினார்கள், இறங்கினான். இறங்கும்போது சிங்கத்தின் பிடரியில் வலது காலை வைத்தான். சிங்கம் அவனோடு கிளம்பியது. அவன் கத்தவில்லை, சிங்கம்தான் பிடியிலிருந்து கழன்றபோது எலும்பை முறிப்பது போல ஒரு சத்தம் போட்டது. தம்பி புல்மேட்டில் மல்லாந்து விழுந்தான். யானையும் சிங்கமும் புரண்டு வந்து, அவனுடைய வலது முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியின்மேல் உட்கார்ந்தன. வெளியே தெரிந்தவரை சிங்கத்துக்கு ஒரு கீறல் இல்லை. யானையை மிதித்தபடி, யானைக்கு அடியில் என் தம்பியை மிதித்தபடி, வழக்கம்போல ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

துஸ்ஸாசன் மூங்கிலோடு ஓடிவந்தார். எவனோ கடப்பாரையும் கொண்டுவந்தான். கந்தர்வன் குறுக்கே பாய்ந்து சிங்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"தொடாதீங்க! தொட்டா ஜெயில்! நானும் உங்ககூட உள்ள போகணும்!"

"டேய், கீழ ஒரு மனுஷன் கெடக்கான்டா!"

"தெரியுது வாத்தியாரே. கல்லைத் தொடாம அவரை எடுத்துக்குங்க."

கானுங்கோ வரும்வரை அப்படியே இருந்தது. வந்ததும் அவர் முதலில் கேட்டது, "சிங்கம் விழுறதுக்கு முன்னாடியே இவரு கால் இங்க இருந்துச்சா?" என்பதுதான். பிறகு மூங்கில் முளைகள் அடித்துச் சுற்றிலும் கயிறு கட்டச் சொன்னார். கயிற்றுக்குள் சிங்கம், யானை, ஆர்த்தத்ராணன். கந்தர்வன் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோலைத் தம்பியின் தொடைமேல் வைத்தான். கானுங்கோ படம் எடுத்தார்.

"கொஞ்சம் அசையாம இருங்க. படம் கலங்குது."

"சார்... வலிக்குது சார்..."

"வலிக்கட்டும், அசையாதீங்க. ஆமா, கயித்துக்குள்ள இருக்கீங்களே, டிக்கெட் எடுத்தீங்களா?"

தம்பி இல்லையென்று தலையசைத்தான். கானுங்கோ இரக்கமில்லாதவர் அல்ல. தானே ஒரு டிக்கெட்டைக் கிழித்து அவன் சட்டைப்பையில் வைத்தார். உள்நாட்டுக்காரர் கட்டணம்தான் போட்டார்.

துஸ்ஸாசன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "கல்லைத் தொடல. காலுக்கு அடியில மண்ணைத் தோண்டி உருவிடுறோம்."

கானுங்கோவுக்கு வியர்த்துவிட்டது. "தோண்டுறதா? இந்த மண்ணையா? வாத்தியாரே, அதுக்குப் பேரு அகழாய்வு! அதுக்கு டெல்லியில கமிட்டி உக்காரணும்!"

இப்போது சைரிந்திரி வந்தாள். எங்கள் வீடுகளில் தம்பி மனைவி கணவனின் அண்ணனுக்கு முகம் காட்டமாட்டாள், அவரோடு பேசமாட்டாள், அவர் நிழலை மிதிக்கமாட்டாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அவளுடைய முக்காட்டைத்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் கதவிடம் சொல்வாள், பசுவிடம் சொல்வாள். அன்று உடைந்த மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு, தூணிடம் சொன்னாள்.

"ஏ தூணே, உங்க வீட்டுப் பெரியவர்கிட்ட கேளு. தம்பி கால் நீலம் பாரிச்சுக்கிட்டு வருதே, கண்ணுக்குத் தெரியுதான்னு கேளு."

"அம்மா, தூணைத் தொடாதீங்க," என்றார் கானுங்கோ.

"ஏ தூணே, இந்த வெத்தலைக் கழுதையை வாயை மூடச் சொல்லு. வீட்டுல அரிவாமனை இருக்கு, இன்னிக்குக் கருணைக்கிழங்கு இன்னும் நறுக்கலைன்னு சொல்லு."

கானுங்கோ ஓரடி பின்வாங்கினார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிப்பதும் தயங்குவதும் ஒன்றல்ல. கடப்பாரை இரும்பு. சத்தியம் இருக்கிறது. மூங்கிலால் நெம்பிப் பார்க்கலாமென்றால் மூங்கில் அந்தச் சிங்கத்துக்குப் பல் குத்தக்கூடக் காணாது.

பிற்பகலில் ராய்குரு வந்தார். கூடவே வாரியத்தின் தடிக்காவலர்கள் ஒரு வேன் நிறைய. குடை பிடித்தார்கள், நாற்காலி போட்டார்கள். அவர் சிங்கத்தை நெடுநேரம் பார்த்தார். சிங்கத்தின் கன்னத்தில் கைவைத்தார். கண் கலங்கினார். தம்பியின் தலைமாட்டில் நின்றுதான் இதெல்லாம் செய்தார். அவனை மிதித்துவிடாமல் மிகக் கவனமாக நின்றார். பிறகு ஊருக்குப் பேசினார்.

"அன்பான மக்களே! ஆயிரம் வருஷமா இந்தச் சிங்கம் ஒரு வார்த்தை பேசலை. பசிக்குதுன்னு சொல்லலை, வலிக்குதுன்னு சொல்லலை. கல்லுக்கு ரத்தம் கிடையாது. அதனாலதான் கல்லுக்காகப் பேச அரசாங்கம் எங்களை வெச்சிருக்கு. ரத்தம் இருக்கிறவன் தனக்காகத் தானே கத்திக்குவான். அதோ கேளுங்க, கத்துறாரு. அவருக்கு நாங்க எதுக்கு? மனுஷங்க பொறந்துக்கிட்டே இருக்காங்க. இந்த மாதிரி சிங்கம் இனிமே பொறக்குமா? நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இந்த மாவட்டத்துல நூத்துக்கணக்குல சிலை இருந்துச்சு. இன்னிக்கு அதுல பாதி பத்திரமா எங்க கிடங்குல இருக்கு. மீதிப் பாதி எங்க இருக்குன்னு விசாரணை நடந்துக்கிட்டு இருக்கு. அந்த மாதிரி ஒரு கவனிப்பை இந்தச் சிங்கத்துக்கும் குடுக்காம நான் ஓயமாட்டேன்!"

காவலர்கள் கைதட்டினார்கள்.

டாக்டர் ஜெனா கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து காலைப் பார்த்துவிட்டு எழுந்தார். "சார், இப்பவே கல்லைத் தூக்கியாகணும். இல்லேன்னா காலை இங்கேயே வெட்டியாகணும். ரெண்டுல ஒண்ணு. லேட்டானா ஆளே போயிடுவாரு."

ராய்குருவின் முகம் தெளிந்தது. "காலுக்கு என்ன வயசு?"

"எந்தக் காலுக்கு?"

"இவரு காலுக்குத்தான்."

"அம்பது தாண்டியிருக்கும். ஏன் சார்?"

"நூறு ஆகலை இல்ல? அப்ப அது எங்க சட்டத்துல வராது. தாராளமா வெட்டிக்குங்க. வாரியம் அதுல தலையிடாது." கானுங்கோவைப் பார்த்தார். "வெட்டும்போது மட்டும் கத்தி கல்லுல படாம பாத்துக்கணும்."

கந்தர்வன் சொல்லாமலே தார்ப்பாயை எடுத்துவந்து காலுக்குப் பக்கத்தில் விரித்தான்.

பிறகு ராய்குரு என்னிடம் வந்தார். எங்கள் குடும்பத்தின் சத்தியத்தைப் பற்றி அவர் படித்திருந்தார்.

"சாமந்தசிங்கார் பாபு, இரும்பு தீண்ட விடமாட்டோம்னு சத்தியம் பண்ண குடும்பம். வாரியமே இல்லாத காலத்துல நீங்கதான்யா வாரியம்! உங்க தம்பி கால் போகுது, நீங்க அசையலை பாருங்க. இதுதான் எங்களுக்குப் பாடம்."

சம்பல்பூர்ப் பட்டு உத்தரீயம் ஒன்றை எடுத்து என் தோளில் போர்த்தினார். கானுங்கோ படம் எடுத்தார். படத்தில் நான் நிமிர்ந்து நிற்கிறேன். ஓரத்தில் தம்பியின் தலை தெரியும்.

"அண்ணே," என்றான் அவன். "நல்லா இருக்குண்ணே சால்வை."

அப்போதுதான் சைரிந்திரி தூணை விட்டாள். முற்றத்தைக் கடந்து, என் நிழலை மிதித்துக்கொண்டு, எனக்கு நேர் எதிரே வந்து நின்றாள். முக்காட்டைப் பின்னால் தள்ளினாள். சனம் மூச்சை இழுத்தது. அவளுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"பெரியத்தான்," என்றாள். என் முகத்தைப் பார்த்து, என்னிடமே. "நீங்க கல்லுக்கு அண்ணனா, இவருக்கு அண்ணனா? ஒண்ணு சொல்லுங்க. கல்லுக்குன்னா அரிவாமனையை நானே கொண்டுவரேன், நானே வெட்டிக்கிறேன். தூணுகிட்டப் பேசி எனக்கு அலுத்துப்போச்சு."

நான் உத்தரீயத்தை எடுத்து, தம்பியின் தொடையில் சுற்றி, என்னால் முடிந்த மட்டும் இறுக்கிக் கட்டினேன். நிமிர்ந்து, "துஸ்ஸாசா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவருக்கு அது போதும். காலையிலிருந்து அவர் கம்பைக் கீழே வைக்கவில்லை.

நடந்த சண்டையைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். முதல் அடி எங்களுடையது. துஸ்ஸாசனின் கம்பு முதல் காவலனின் தாடையில் விழுந்தது. இரண்டு பல் தெறித்து நீலப் பலகையில் பட்டது. இரண்டாமவன் தடியை ஓங்கினான், இறக்க அவனிடம் கை இல்லை. முழங்கைக்கு மேலே எலும்பு தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. எங்கள் பக்கமும் பூ விழவில்லை. காது பிளந்தவனுக்கு மற்றக் காதும் பிளந்தது. துஸ்ஸாசனின் மூத்த மாணவன் ஒருவன் வயிற்றில் தடிக்குத்து வாங்கிச் சுருண்டு, காலையில் தின்ற பகாளப் பழைய சோற்றை ரத்தத்தோடு கக்கினான். இவன் கால் வைப்பு மோசம், நான் முன்பே சொல்லியிருக்கிறேன்.

வாரியத்தாரின் வீரத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவர்கள் கைகோத்துச் சிங்கத்தைச் சுற்றி நின்றார்கள். அடிவாங்கி விழுந்தவனுடைய இடத்துக்கு அடுத்தவன் வந்தான். அந்த வளையத்துக்குள்தான் தம்பியும் கிடந்தான். நாலைந்து பேர் அவன் வயிற்றின்மேல் ஏறி நின்று சிங்கத்தைக் காத்தார்கள். கந்தர்வன் மட்டும் சண்டையில் சேரவில்லை. ரத்தம் வழிகிறவன் எங்கே போகிறானோ அங்கே தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினான்.

"இந்தப் பக்கம்! ஐயா, இந்தப் பக்கம் சிந்துங்க! அது பத்தாம் நூற்றாண்டுத் தளம்!"

யாரோ விட்ட கம்பு அவன் பின்மண்டையில் விழுந்தது. தார்ப்பாயின் நடுவில்தான் விழுந்தான்.

கானுங்கோ அளவுகோலைச் சுழற்றிக்கொண்டு என்மேல் வந்தார். எனக்கு வயதாகிவிட்டதென்று நினைத்திருப்பார். காலையில் பூஜை செய்த வாள் என் இடுப்பில் இருந்தது, அதன் தட்டைப் பக்கத்தால் கழுத்தில் ஒன்று கொடுத்தேன். பீடாவும் ரத்தமும் சேர்ந்து வந்ததில் எது எது என்று தெரியவில்லை.

காவலர் வளையம் ஒரு பக்கம் அறுந்திருந்தது, உள்ளே நுழைந்தேன். கடப்பாரை தரையில் கிடந்தது. எடுத்தேன். யானையின் வயிற்றுக்கும் மண்ணுக்கும் நடுவில் செருகினேன். ஆம், இரும்புதான். அழுத்தினேன், அசையவில்லை. சுற்றிலும் எல்லோருக்கும் கை வேலையாக இருந்தது. அப்போது என் கைக்கு மேலே இன்னொரு கை வந்து கடப்பாரையைப் பிடித்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. எங்கள் வீட்டு வழக்கப்படி அந்தக் கை என் கைமேல் பட்டால் இருவரும் குளிக்க வேண்டும். பட்டது. இருவரும் சேர்ந்து தொங்கினோம்.

"அழுத்துங்க பெரியத்தான்! என்னத்தைத் தின்னு வளர்ந்தீங்க!"

சிங்கம் எழுந்தது. துஸ்ஸாசன் பாய்ந்து தம்பியின் அக்குளில் கைகொடுத்து இழுத்தார். அவன் வெளியே வந்ததும் விட்டுவிட்டோம். சிங்கம் மறுபக்கம் புரண்டு படியில் மோதியது. தலை தனியே உருண்டு போய் ராய்குருவின் நாற்காலிக்கு அடியில் நின்றது.

சண்டை அங்கேயே நின்றுவிட்டது. ராய்குரு மண்ணில் உட்கார்ந்து, அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைப் பறிகொடுத்தவர் போல அழுதார். அடிபட்டுக் கிடந்த காவலர்கள் சிலரும் அழுதார்கள். பத்தடி தள்ளி சைரிந்திரி தன் புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. டாக்டர் ஜெனா காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"காலையிலேயே தூக்கியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

கட்டக் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலோடு எடுத்தார்கள். உயிர் தங்கியது. காலை வாங்கிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் முறைப்படி எரித்துவிடலாமென்று நான் விறகுக்கும் நெய்க்கும் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்துக் கால். குப்பையில் போகவிட முடியாது. ஆனால் நான் போவதற்குள் கானுங்கோ அங்கே வந்திருந்தார். கழுத்தில் பட்டை. கையில் பஞ்சு அடைத்த மரப்பெட்டி. சிங்கத்தின் முன்னங்கால் நகம் ஒன்று உடைந்து தம்பியின் கணுக்கால் எலும்புக்குள் ஏறியிருந்ததாம்.

"அது என் கால் சார்," என்றான் ஆர்த்தத்ராணன் கட்டிலிலிருந்து.

"யாருங்க இல்லைன்னா? கால் உங்களுது. நகம் எங்களுது."

"நகத்தைப் பிடுங்கிக்கிட்டு காலைக் குடுத்துடுங்க. எரிக்கணும்."

"பிடுங்கினா நகம் சேதமாயிடும். ரசாயனப் பிரிவு பாத்துத்தான் பிரிக்கணும். அதுவரைக்கும் ஒண்ணாத்தான் இருக்கும்."

"எப்பப் பிரிப்பாங்க?"

"ரசாயனப் பிரிவுல ஆள் போடணும். போட்டதும் பிரிச்சிடுவாங்க." பெட்டியைத் தூக்கும்போது நின்று, குரலைத் தாழ்த்தினார். "கவலைப்படாதீங்க. நல்லா பாத்துக்குவோம். இப்ப அது பாதுகாக்கப்பட்டது."

எங்கள்மேல் போட்ட வழக்கு நடக்கிறது. சிங்கத்தின் தலையையும் உடலையும் விழுந்த இடங்களிலேயே விட்டு, இரண்டுக்கும் தனித்தனியாக வேலி போட்டிருக்கிறார்கள். கடப்பாரை போட்டதற்கு யார் காரணம் என்று நீதிமன்றத்தில் கேட்டபோது நான் என் பெயரைச் சொன்னேன். சைரிந்திரி எழுந்து, முக்காடில்லாமல், தன் பெயரையும் சொன்னாள். இப்போது வீட்டில் எனக்குச் சோறு போடும்போது பசுவிடம் பேசுவதில்லை. உப்புக் குறைந்தால் என்னையே திட்டுகிறாள்.

ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. ஆர்த்தத்ராணனின் காலை வாரியம் புவனேஸ்வரத்து அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்குப் போட்டு வைத்திருப்பதாகவும், அவன் வாரந்தோறும் பஸ் ஏறிப் போய், டிக்கெட் வாங்கி, அதைப் பார்த்துவிட்டு வருவதாகவும் சொல்கிறார்கள். இது தவறு. கால் கிடங்கில் இருக்கிறது. கிடங்குக்குள் வெளியாட்களை விடுவதில்லை.